பெரிய குழாய், ஆடுகிற கால்

1

எழுபது கிலோமீட்டர் தள்ளி வந்து குடியேறியதற்கெல்லாம் புலம்பெயர்வு என்று பெயரா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். துபாய்க்குப் போனவன் எழுதலாம், கனடாவுக்குப் போனவன் எழுதலாம், அரக்கோணத்தில் ரயிலேறித் திருப்பதியில் இறங்கியவன் எழுதக் கூடாதா? துபாய்க்காரனை ஊரில் "பாவம், எங்கயோ போய்க் கஷ்டப்படறான்" என்கிறார்கள். என்னை "பெருமாள் காலடியில கீறான், குடுத்து வெச்சவன்" என்கிறார்கள். இந்தச் சித்திரையோடு பதினோரு வருஷமாகக் குடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திருவள்ளூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். "சார், நீங்க டெலஸ்கோப்பு வெச்சினுகிறீங்களாமே. எம்பொண்ணு நட்சத்திரத்த போட்டோ புடிக்கணும்னு உசுர எடுக்குது. மொதமொதல்ல இன்னா வாங்கலாம்?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "ஒண்ணும் வாங்காத, போ" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த மனுஷன் சாம்பார் சாதத்தில் கையை வைத்தபடி முழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கேட்கலாம்.

2

எனக்கு வேலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில். மெஷின் மெயின்டனன்ஸ். புது மெஷின் வந்தால் இறக்கி, தரையில் பவுண்டேஷன் போட்டு, ரசமட்டம் வைத்து, ஆடாமல் அசையாமல் நிற்கவைப்பது என் பொறுப்பு. கம்பெனி பஸ் திருப்பதியில் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். சாயங்காலம் திரும்பி இறக்கிவிடும்போது எட்டு மணி ஆகிவிடும். என் மகள் கீர்த்தி தூங்குகிறபோது கிளம்பி, அவள் சாப்பிட்டு முடித்தபிறகு வந்து, அப்படியே அவளைப் பத்தாம் வகுப்புவரை வளர்த்துவிட்டேன். வளர்த்தேன் என்று சொல்வதற்கு வாய் கூசுகிறது. வளர்த்தது என் மனைவி செல்வி.

செல்விக்கு விஜயபுரம் பக்கம். ஆந்திராவிலேயே பிறந்த தமிழ்க் குடும்பம். அவள் அப்பா காலத்தில் காணி நிலம் கிடையாது, கூலி வேலைதான். இப்போது அவள் அண்ணன் சொந்தமாக வேர்க்கடலை போடுகிறார். அவளுக்கு இந்த ஊர் வெளியூரே இல்லை. ஒரே மூச்சில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். ஐந்து வயதில் இங்கே வந்த கீர்த்தியும் அப்படியே. வீட்டில் வெளியாள் நான் ஒருவன்தான். தெலுங்கு பேசிக் காலத்தை ஓட்டுகிறேன், படிக்கத் தெரியாது. கீர்த்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மொட்டை மாடி.

அவள் எட்டாவது படிக்கையில் ஒருநாள் கரன்ட் போயிருந்தது. நான் பையோடு படியேறி வந்தபோது மாடியில் நின்றுகொண்டு மேற்கே கையைக் காட்டினாள். "நைனா, அந்த மூணு நட்சத்திரம் வரிசையா கீது பாரு. அதுக்குக் கீழ புகையா ஒண்ணு தெரியுதா? அங்கதான் புது நட்சத்திரம் பொறக்குதாம்." எனக்குப் புகையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. தெரியுது என்றேன். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் எங்களுக்கு மாடிதான். அந்தப் புகையைப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இரண்டு வருஷம் கேட்டாள். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று நானும் இரண்டு வருஷம் தள்ளினேன்.

இங்கே பத்தாவது முடித்த பிள்ளையை இன்டர் என்ற இரண்டு வருஷப் படிப்புக்கு ஹாஸ்டல் காலேஜில் கொண்டுபோய் விடுவது வழக்கம். விடியலில் எழுப்பிப் படிக்கவைப்பார்கள், போன் தரமாட்டார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம். கீர்த்தி விஜயவாடாவில் ஒரு காலேஜ் பெயரைச் சொன்னாள். அவள் சிநேகிதி சிந்து போகிறாளாம். நான் திருப்பதியிலேயே வீட்டிலிருந்து போய்வருகிற காலேஜ் போதும் என்றேன். அங்கே போனவள் பிறகு ஹைதராபாத் போவாள், அதற்குப் பிறகு எந்த தேசத்துக்கோ போவாள். பார்க்காமல் போன பத்து வருஷத்துக்குப் பதிலாக இந்த இரண்டு வருஷத்தையாவது எனக்குக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. டெலஸ்கோப் வாங்கித் தந்தால் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காகத்தான் வாங்கினேன்.

3

கீர்த்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இங்கிலீஷில் லிஸ்ட் எழுதித் தந்தாள். இரண்டே வரி. முதல் வரி, மோட்டார் வைத்த கனமான மவுண்ட், அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற கால். இரண்டாம் வரி, தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சின்னதாக ஒரு லென்ஸ் டெலஸ்கோப்.

"இன்னாம்மா, டெலஸ்கோப்ப ரெண்டாவதா எழுதிக்கிற?" என்று கேட்டேன்.

"நைனா, பூமி சுத்துது இல்ல, அதனால நட்சத்திரம் நகந்துக்கினே இருக்கும். கண்ணால பாக்கறதுக்கு அது பரவால்ல. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் கேமராவ தொறந்து வெச்சா எல்லாம் கோடு கோடா இழுத்துரும். அதோடயே கூட திரும்பற மவுண்டு வேணும். மொத காசு அதுக்குத்தான். மேல வெக்கற குழாயி சின்னதா இருந்தா சாலு. மவுண்டு எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு போட்டுகிறானோ, அதுல பாதிக்கு மேல ஏத்தக் கூடாது."

மெஷினுக்கு முன்னால் பவுண்டேஷனைப் பார் என்று தினமும் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவன் நான். என் பெண் சொன்னது எனக்குப் புரியாமல் போகவில்லை. தலையாட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அரக்கோணத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் அப்படியே சென்னைக்குப் போய்க் கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் "வாங்கண்ணே, எந்த ஊரு? திருப்பதியா! பெருமாள் பக்கத்துலயே கீறீங்க!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. இங்கே சொல்லியாக வேண்டும், நான் வருஷக்கணக்காகக் கடையில் வாயைத் திறக்குமுன் மனசுக்குள் ஒருமுறை தெலுங்கில் ஒத்திகை பார்க்கிறவன். அப்படியும் "மீரு தமிழ்வாள்ளா?" என்று இரண்டாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கடையில் தமிழில் இஷ்டத்துக்குப் பேசினேன். பேரம் பேசினேன், கிண்டல் செய்தேன், சிரித்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

லிஸ்டை நீட்டினேன். அவர் சின்னக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கேட்டீங்க, வெச்சிட்டேன். ஆனா அண்ணே, வீட்டுக்கு நாலு பேரு வந்தா இத்தையா காட்டுவீங்க?"

நாலு பேர். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, என் வீட்டுக்கு வருவது நாலு பேர்தான். திருப்பதியில் வீடு எடுத்தவனுடைய நிலைமை உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்ன, நீங்கள்தானே வருகிறீர்கள். மலைக்குப் போகுமுன் ஒரு ராத்திரி, இறங்கியபின் ஒரு பகல். பாய் போதவில்லை என்பீர்கள், தரிசன டிக்கெட்டுக்கு ஆள் தெரியுமா என்பீர்கள். பெருமாளைப் பார்க்க வருகிறீர்கள், வழியில் நான் இருக்கிறேன். வந்தவர்கள் கண்ணை ஓட்டி டிவியை அளப்பார்கள், பிரிட்ஜை அளப்பார்கள், "இவ்ளோ வருஷமா கீற, இன்னும் வாடக வூடுதானா?" என்பார்கள். அவர்களுக்கு முன்னால் நிறுத்த எனக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது.

எட்டு அங்குலக் கண்ணாடி. இடுப்பு உயரக் குழாய், வெள்ளை வெளேரென்று. அதற்கு நிற்கக் கொடுத்த மவுண்ட் கையால் திருகுவது, மோட்டார் கிடையாது. "மோட்டாரு அப்பறம் போட்டுக்கலாம்ணே" என்றார். மகளின் லிஸ்ட் சட்டைப் பையில் இருக்க, நான் பெரியதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் நிறுத்திவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

4

பெட்டியைப் பிரித்தபோது கீர்த்தி குழாயைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவால்ல நைனா. பெருசாதான் கீது" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மாடியில் நிறுத்தினோம். குழாயை விரலால் தொட்டால் உள்ளே தெரிகிற நட்சத்திரம் நாலைந்து விநாடி நடுங்கியது. காற்று வந்தாலும் நடுங்கியது. தெருவில் லாரி போனாலும் நடுங்கியது. முப்பது டன் மெஷினை நூல் பிசகாமல் நிறுத்துகிற கை இது. போல்ட்டையெல்லாம் இறுக்கினேன், காலுக்கு நடுவே மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்சம் அடங்கியது.

அடுத்த வேடிக்கையைக் கேளுங்கள். இந்த மாதிரி மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் குறிவைத்தால்தான் அது நட்சத்திரத்தோடு ஒழுங்காகத் திரும்பும். திருப்பதியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பக்கத்திலேயே, பதிமூன்று பதிநான்கு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மவுண்டைச் செய்தவனோ குளிர் தேசத்துக்காரன், அவன் ஊரில் அது பாதி வானம் ஏறி நிற்கும். அதைப் பதிமூன்றுக்குச் சாய்த்தால் எடைக்கட்டி தொங்குகிற தண்டு முன்காலில் போய் முட்டியது. தண்டை ஏற்றி, காலைத் திருப்பி, எப்படியோ சமாளித்தேன்.

கீர்த்தி போனில் ஏதோ ஒன்றைத் திறந்து வடக்கே நீட்டினாள். துருவ நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் மலை இருந்தது. எங்கள் வீடு மலையடிவாரம். தலையைத் தூக்கினால் வடக்கு முழுக்கப் பாறைதான். இந்த வீட்டை நான் ஏன் பிடித்தேன் தெரியுமா? "மலை தெரியற வூடா பாருடா சேகரு. காலைல கண்ண தொறந்தா மலமேல காலிகோபுரம் தெரியணும்" என்று என் அக்கா வசந்தா சொன்னாள். இரண்டு மாதம் அலைந்து, ஐநூறு ரூபாய் வாடகை அதிகம் கொடுத்து, மலை தெரிகிற வீடாகவே பார்த்தேன். சேஷாசலம் முழுசும் தெரிகிறது. வடக்கு நட்சத்திரம்தான் தெரியவில்லை.

"இன்னாம்மா பண்றது?" என்றேன்.

"மாமா நெலத்துக்குப் போலாம் நைனா. விஜயபுரத்துல வடக்கால ஒண்ணும் மறைக்காது, வெளக்கும் கெடயாது. மோட்டாரு இல்லன்னா இன்னா, நீ திருகு. மெதுவா, ஒரே சீரா. நான் சின்னச் சின்னதா நூறு இருநூறு படம் எடுக்கறேன். எல்லாத்தையும் ஒண்ணா சேத்தா அந்தப் பொகை வந்துரும்."

என் கைதான் மோட்டார். ஒரு வாரம் மாடியில் பயிற்சி எடுத்தேன். நட்சத்திரத்தை நடுவில் வைத்து, மூச்சை அடக்கி, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகுவேன். கீர்த்தி கண்ணை வைத்துப் பார்த்து "நகருது, நகருது, ஆங், இப்ப சரி" என்பாள். அவள் பிறந்ததிலிருந்து அவளோடு சேர்ந்து நான் செய்த வேலை அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள், "நாளைக்கு போட்டோ வரட்டும் நைனா. அப்பறம் காலேஜ் பத்தி பேசலாம்." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

5

நடுவில் ஒரு காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காலேஜாக இருந்தாலும் பிள்ளை உள்ளூர்தான் என்று ஒரு சான்றிதழ் வேண்டும், அதை வார்டு சச்சிவாலயம் என்கிற அரசு ஆபீஸில் வாங்க வேண்டும். அரை நாள் லீவு போட்டுப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "மீதி ஏ ஊரண்டி?" என்றாள். திருப்பதி என்றேன். சிரித்தாள். "அதி காதண்டி, சொந்த ஊரு?" என்றாள். ஆதார் இங்கே, ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே என்று எல்லாவற்றையும் பரப்பினேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள், "பாப்பா லோக்கலே அண்டி. மீரு காது."

பாப்பா உள்ளூர், நீங்கள் இல்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். அரக்கோணத்துக்குப் போனால் அங்கே என்னைக் கூப்பிடுவது "ஆந்திராக்காரன்". எந்தக் கவுன்ட்டரில் போய் என்னை நான் பதிவு செய்துகொள்வது?

6

சனிக்கிழமை. நாலு மணிக்குக் கிளம்பினால்தான் விஜயபுரத்தில் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி நிறுத்த முடியும். சித்திரை பிறந்துவிட்டது, அந்த மூன்று நட்சத்திரமும் நாளுக்கு நாள் மேற்கே சரிந்துகொண்டிருந்தன. இன்னும் சில நாள் போனால் சாயங்கால வெளிச்சத்திலேயே மறைந்துவிடும், பிறகு வருஷக் கடைசியில்தான். கேமரா என்னோடு வேலை செய்கிறவருடையது, திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி வாசலில் தயாராக நின்றது.

மூன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது. வசந்தா அக்கா, மாமா, அவர்கள் சம்பந்தி வீட்டார், மொத்தம் எட்டுப் பேர். மூன்று பேருக்கு மொட்டை வேண்டுதல். விடியக்காலை மலையேறப் போகிறார்களாம். போன் பண்ணிவிட்டு வருவதெல்லாம் கிடையாது, தம்பி வீட்டுக்கு எதற்குப் போன்?

செல்வி என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "நீ கெளம்பு. இவங்கள நான் பாத்துக்கறேன். உன்ன பாக்கவா வந்தாங்க? படுக்க எடம் வோணும், அவ்ளோதான்."

"அக்கா வந்துகீது. சம்பந்திங்க வேற. வூட்ல ஆம்பள இல்லன்னா இன்னா நெனப்பாங்க?"

"உம்பொண்ணு இன்னா நெனப்பான்னு பாரு" என்றாள்.

நான் ஹாலுக்குப் போனேன். மாமா மூலையில் நின்ற குழாயைப் பார்த்துவிட்டார். "இன்னாடா சேகரு, பீரங்கி வாங்கிக்கினு வந்துட்ட?" சம்பந்தி எழுந்து வந்து தடவிப் பார்த்தார். அக்கா முகத்தில் நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பெருமை தெரிந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. "மேல வாங்க, காட்டறேன்" என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தார்கள். முதலில் மலைப் பாறை, பிறகு நடைவழிப் படி, இருட்டியதும் விளக்குப் போட்ட காலிகோபுரம். அக்கா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயய்யோ, கோபுரம் தலகீழா தெரியுதேடா! நாளைக்கு தரிசனத்துக்குப் போறோம், இத்த பாத்துட்டு இன்னா ஆவுமோ!" நான் சத்தமாகச் சிரித்து, கண்ணாடி வைத்த குழாயில் எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். பாடம் எடுத்தேன். கீர்த்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் என்னுடையதைப் போல அவிழ்த்துவிட்டேன். மறுபடி ஒரு சுற்று வரிசையில் வந்தார்கள்.

கீர்த்தி கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி படிக்கட்டில் நின்றாள். நாலு மணிக்கு நின்றவள். ஐந்து மணிக்கு ஒருமுறை "நைனா" என்றாள். ஆறரைக்கு ஒருமுறை கிட்டே வந்து, "இப்பவாவது போனா ஒரு மணி நேரமாவது கெடைக்கும். நாளைக்கு நீ அவங்கள பஸ் ஏத்தணும், திங்கக்கெழம கேமரா போயிரும்" என்றாள்.

"இரும்மா. உங்க அத்த பாத்துட்டு வரட்டும்" என்றேன்.

அவளுக்கு நான் என்ன சொல்லியிருந்தால் சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். ஏழரைக்கு மேற்கே அந்த மூன்று நட்சத்திரமும் நன்றாகத் தெரிந்தன. கீர்த்தி பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே போய் அம்மாவோடு தோசை ஊற்றினாள். எட்டுப் பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சட்னி பிரமாதம் என்றார்கள்.

7

திங்கட்கிழமை சிந்துவோடு பலமனேருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சிந்துவின் அப்பா அங்கே லெக்சரர், ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் வீடு. சரி என்றேன். மறுக்க எனக்கு முகம் இல்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் போனைத் திறந்தால் கீர்த்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம். கறுப்புக்கு நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புகை, அதற்குள் பொடிப் பொடியாக வெளிச்சம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கீழே தெலுங்கில் ஒரு வரி எழுதியிருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்தவர் நெல்லூர்க்காரர். போனை அவரிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தேங்க்யூ அங்கிள். நா மொதடி ஃபோட்டோ." அவளுடைய முதல் போட்டோ, நன்றி சிந்துவின் அப்பாவுக்கு. படித்துவிட்டு, "மஞ்சி ஃபோட்டோ அண்டி, எவரு?" என்றார். நல்ல படம், யார் எடுத்தது என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் பெண் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பெற்ற பெண் எழுதிய ஒரு வரியை அடுத்தவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவன், அதை எழுதியது என் மகள் என்று எப்படிச் சொல்வான்?

அன்றைக்கு ராத்திரி திரும்பி வந்தாள். "பாத்தியா நைனா?"

"பாத்தேன். நல்லா கீது."

"அங்கிளோடது மோட்டாரு வெச்ச மவுண்டு. மேல பாட்டில் அளவுக்கு ஒரு லென்ஸு. நம்ம லிஸ்டுல எழுதினது எதுவோ அதேதான்." குத்திக்காட்டவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வார முடிவில் விஜயவாடா காலேஜ் ஃபாரத்தை என் முன்னால் வைத்தாள். காலேஜ் பற்றிப் பேசலாம் என்று சொன்ன பேச்சு நடக்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

8

கேன்டீன்காரரே, உங்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். முதலில் மவுண்ட். முக்கால்வாசிக் காசை அதில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு என்ன குழாய் வருகிறதோ அதை வாங்குங்கள். குழாயே இல்லாவிட்டாலும் கேமராவை நேராக மவுண்டில் பூட்டிப் படம் எடுக்கலாம். வீட்டிலிருந்து வடக்கு தெரிகிறதா என்று காசைக் கொடுக்குமுன் பாருங்கள். பெரிய குழாயைக் காட்டி எவனாவது தமிழில் "அண்ணே" என்று கூப்பிட்டால் எழுந்து ஓடிவந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைக்கு உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் எழுதித் தந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

என்னுடையது பீரோவுக்குப் பக்கத்தில் பெட்ஷீட் போர்த்தி நிற்கிறது. வருகிறவர்கள் இப்போதும் காட்டச் சொல்கிறார்கள். பழுது என்று சொல்லிவிடுகிறேன்.

9

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, முதல்முறையாக அவளைப் பார்க்க விட்டார்கள். நானும் செல்வியும் ராத்திரி ரயிலில் விஜயவாடா போனோம். காலேஜ் வாசலில் துணிப்பந்தல் போட்டு, பெற்றவர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கீர்த்தி இளைத்திருந்தாள். செல்வி கொண்டுபோன குழம்புச் சோற்றை வாரி வாரித் தின்றாள். செல்வி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், மூன்று மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் அக்காவ வுட்டுட்டு உன்னோட வந்திருந்தா, அந்தப் போட்டோ நாம எடுத்திருந்தா, நீ இங்க வந்திருக்க மாட்ட இல்ல?"

கீர்த்தி கையைக் கழுவாமல் என்னைப் பார்த்தாள். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பொய் சொல்லவில்லை.

"அப்பவும் வந்திருப்பேன் நைனா. எனக்குப் படிக்கணும். ஆனா இங்க வர்ற அன்னிக்கு ரயிலு கெளம்பும்போது அழுதிருப்பேன்."

உள்ளே பெல் அடித்தது. அவள் தட்டைத் தண்ணீரோடு திரும்பிய அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாவாடையில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் போய் நின்றாள். பாதிப் பிள்ளைகள் பெற்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டிருந்தன. என் மகள் முன்னால் நின்ற பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.